அய்யாக்கண்ணுவின் பினாங்கு முகம்

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த டீக்கடையில் கொஞ்ச காலமாக ஒரு வதந்தி பாயிலர் ஆவியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. கிழக்கே முந்திரிக்காட்டுப் பக்கத்து ஊர்க்காரரான அய்யாக்கண்ணு, பினாங்குத் தீவில் துறைமுகத்தை ஒட்டிய ஓட்டல் ஒன்றில் எட்டு வருஷம் உத்தியோகம் பார்த்தாராம். உத்தியோகம் என்னவென்றால், சாப்பிடுவதாம். முதலாளியே முன்னால் நின்று முழு மீனைத் தட்டில் வைத்து, பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்து, மாசம் முடிந்தால் சம்பளமும் கொடுப்பாராம். போதாததற்கு ஒரு வெள்ளைக்காரன் கப்பலை விட்டு இறங்கியதும் நேரே வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் பாட்டிலிலேயே குடித்துவிட்டுத்தான் மற்ற ஜோலியைப் பார்ப்பானாம்.

இந்த மாதிரிச் செய்திகளைக் கசக்கிப் பிழிந்தால் வழக்கமாக ஒரு சொட்டு உண்மை தேறும். அந்த நம்பிக்கையில் விசாரிக்கக் கிளம்பியதில் பெரிய ஏமாற்றம். அத்தனையும் உண்மை. ஒரு சொல் பொய்யில்லை. அய்யாக்கண்ணுவின் கஷ்டமே அதுதான். பொய்யாக இருந்திருந்தால் மறுத்துவிட்டு மனுஷன் நிம்மதியாக இருந்திருப்பார்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்த வருஷம் அவர் கப்பல் ஏறினார். நம் பக்கத்துக் கள்ளுக்கடைகளுக்கும் அந்த வாக்கில்தான் பூட்டு விழுந்தது. ஆகவே அவர் எதற்காகப் போனார் என்பதற்கு ஊர் தானாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டது. உண்மையான காரணம் வேறு. மழை பொய்த்துக் கடலைக்கொல்லை காய்ந்துவிட்டது. கல்யாணமான புதிதில் மூக்காயியின் முன்னால் வெறுங்கையோடு நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை. நாகப்பட்டினத்தில் ஏறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, பினாங்கில் இறங்கும்போது வயிறு கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது.

துறைமுகத்துக்கு எதிரே, தெருவைப் பார்த்துத் திறந்த வாசலோடு ஒரு சீனர் ஓட்டல். முதலாளியை எல்லாரும் 'தவுக்கே' என்று கூப்பிட்டார்கள். அந்த ஊரில் முதலாளி என்பதற்கு அதுதான் சொல். அய்யாக்கண்ணுவுக்குப் பின்கட்டில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. முதல் நாள் மத்தியானம் ஒரு கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, மீன்தலைக் குழம்பை ஊற்றிக் கொடுத்தார்கள். பக்கத்துச் சந்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாயில் வைத்தார். அப்போது அவர் முகத்தில் நடந்ததைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். இடது புருவம் மெல்ல மேலே ஏறியது. கண் பாதி மூடிக்கொண்டது. தலை ஒருபுறமாகச் சாய்ந்து, யாரோ காதில் சொன்ன நல்ல சேதிக்குச் சம்மதம் சொல்வது போல இரண்டு முறை ஆடியது.

கப்பலிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த சில பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். நின்றவர்கள் ஓட்டலுக்குள் நுழைந்து, சந்தில் இருந்தவரைக் கைகாட்டி, அந்த ஆள் சாப்பிடுவதே தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். தவுக்கே கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டி அய்யாக்கண்ணுவை எட்டிப் பார்த்தார். நல்ல வியாபாரி, ஒரே பார்வைதான்.

மறுநாள் பாத்திரம் கழுவும் வேலை போயிற்று. வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும் கொடுத்து, வாசலைப் பார்த்த முன்மேஜையில் உட்கார வைத்தார்கள். கப்பலிலிருந்து இறங்குகிறவனுக்கு ஊர் தெரியாது, பலகையில் எழுதியிருப்பது புரியாது, எந்தக் கடையில் நுழைவது என்று திகைத்து நிற்பான். தன்னைப் போல ஒருத்தன் கண்மூடி ருசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் கால் தானாகத் திரும்பும் என்பது தவுக்கேயின் சித்தாந்தம். இதைவிடக் குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு பல பேர் மேடையேறி இருக்கிறார்கள். அதனால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

முதல் கப்பலுக்கு அய்யாக்கண்ணு உண்மையாகவே சாப்பிட்டார். அடுத்த கப்பலுக்கும் சாப்பிட்டார். கப்பல்கள் மேலும் மேலும் வந்தன. ஒரு மனுஷனுக்கு எத்தனை தடவைதான் பசிக்கும்? பசி போய்விட்டது, முகம் மட்டும் நின்றது. இதை முதலில் கண்டுகொண்டவரும் தவுக்கேதான். முகமே போதும் என்றால் மீன் எதற்கு?

அதற்கப்புறம் தட்டில் இருந்த மீன், இஞ்சிக்கீற்றும் வெங்காயத்தாளும் போர்த்திக்கொண்டு, மூன்று நாள் வரை பதவியில் இருந்தது. அதைத் தொடலாம், பிய்க்கக் கூடாது. வாய்க்குப் போவது ஓரத்தில் கிடக்கும் ஆறிப்போன 'மீ'. நம் சேமியாவுக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளலாம். பீர்ப் பாட்டிலில் பால் விடாத டீ, அந்த ஊர்ப் பேச்சில் தேத்தண்ணி. நுரை வேண்டுமானால் ரகசியமாகக் குலுக்கிக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் மீன் தன் அபிப்பிராயத்தை மூக்குக்குச் சொல்ல ஆரம்பித்துவிடும். அப்போதும் புருவம் ஏற வேண்டும், கண் சொக்க வேண்டும். கப்பலின் கடைசி ஆள் இறங்கி ரிக்ஷா ஏறுகிற வரையில் எழுந்திருக்கவும் கூடாது.

அவரைச் சுற்றிலும் உண்மையாகவே சாப்பிட்டார்கள். நண்டு ஓட்டை உடைக்கும் சத்தம், இறால் பொரியும் வாடை, கிளாஸில் ஐஸ்கட்டி மோதும் ஒலி. விசைப்படகுக்காரனும் சுங்கத்து ஆளும் புதுசாகக் கல்யாணமான ஜோடியும் வந்தார்கள், தின்றார்கள், குடித்தார்கள், சிரித்தார்கள், ஏப்பம் விட்டு எழுந்து போனார்கள். மேஜைக்கு அப்பால் ரோடு, ரோட்டுக்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் ஊர். எல்லாம் கண்ணுக்கு நேரே இருந்தது. அய்யாக்கண்ணு மட்டும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளைக்காரன் விஷயமும் மெய்தான். ஒரு சரக்குக் கப்பலின் ஆள். பெயர் அய்யாக்கண்ணுவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. ஒருநாள் அவன் இவருடைய முகத்தைப் பார்த்து மயங்கி, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பீர் வாங்கிக் குடித்தான். தன்னுடையது தீர்ந்ததும் உரிமையோடு இவர் பாட்டிலை எடுத்து வாயில் கவிழ்த்தான். கவிழ்த்தவன் நிறுத்தினான். பாட்டிலைப் பார்த்தான். அய்யாக்கண்ணுவைப் பார்த்தான். கல்லாவிலிருந்து தவுக்கே பார்த்துக்கொண்டிருந்ததால் அய்யாக்கண்ணு தலையை இரண்டு முறை ஆட்டினார். வெள்ளைக்காரனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சிரிப்பு வந்ததோ, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, அந்தத் தேத்தண்ணி முழுவதையும் மரியாதையாகக் குடித்து முடித்தான். அப்புறம் அந்தக் கப்பல் வரும்போதெல்லாம் வந்து உட்காருவான். தீவு முழுவதிலும் அய்யாக்கண்ணுவின் உண்மை தெரிந்த ஒரே மனுஷன் அவன். அவனோடு பேச இவருக்கு மொழி கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் நம் ஊர்த் தங்கமுத்து, மலாய்த் தோட்டத்துக்குப் போகிற வழியில் பினாங்கில் இறங்கி, ரோட்டோரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். தட்டைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், வெள்ளைக்காரனைப் பார்த்தார். கூப்பிடக் கூசிக்கொண்டு, பார்த்ததைப் பார்த்தபடியே ஊருக்கு எழுதிப் போட்டார்.

ஊரில் அப்போது பஞ்சம். மூக்காயி கேழ்வரகுக் கூழைக் கரைத்து, கரைத்ததில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த காலம். சேதி அவள் காதுக்கு வந்தபோது அடுத்த கொல்லையில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி மூக்காயி, ஒன் வீட்டுக்காரரு அங்கிட்டு முழு மீனா திங்கிறாராமே?" என்றாள் அண்டை வீட்டுக் காத்தாயி.

"தின்னட்டும்" என்றாள் மூக்காயி. "சீனன் ஆக்குன மீனு எம்புட்டு நல்லா இருந்துரும்? வரட்டும். நான் ஒரு குழம்பு வச்சுக் காட்டுறேன்."

கோபப்பட வேண்டிய இடத்தில் அவள் போட்டி போட முடிவு செய்துவிட்டாள். மிச்சமிருந்த வருஷங்களில் அந்தக் குழம்பை மனசுக்குள்ளேயே வைத்து வைத்து இறக்கினாள்.

எட்டு வருஷம் கழித்து அய்யாக்கண்ணுவைத் தவுக்கே வேலையை விட்டு நிறுத்தினார். குற்றம் ஒன்றும் இல்லை. சாப்பிடுவது போலவே இருந்து இருந்து அவர் கன்னம் ஒட்டிவிட்டது. ஒட்டின கன்னத்தை வாசலில் வைத்து யார் சோறு விற்பது?

அவர் ஊரில் வந்து இறங்கிய அன்றைக்கு மூக்காயி கட்டுமாவடிக் கரையிலிருந்து வந்த மீனை வாங்கிக் குழம்பு வைத்தாள். தட்டைப் போட்டுவிட்டு, அடுப்பங்கரைத் தூணில் சாய்ந்து நின்று பார்த்தாள். அய்யாக்கண்ணு ஒரு வாய் வைத்தார். அதில்தான் விபரீதம் நடந்தது. ருசி நாக்கை எட்டுவதற்குள் முகம் முந்திக்கொண்டது. புருவம் ஏறியது, கண் சொக்கியது, தலை இரண்டு முறை ஆடியது. குழம்பு நன்றாக இருந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்குள் தட்டு காலியாகிவிட்டது.

"பினாங்கு மீனா, இதா?" என்றாள் மூக்காயி.

"இதுதான் புள்ள."

அவள் அன்றைக்கு நடந்த நடையைத் தெருவே பார்த்தது. அன்று முதல் தினமும் தூணோரம் நிற்பதும், அந்த முகத்தை வாங்கிக்கொள்வதும் அவளுக்கு வழக்கமாயிற்று. பகலெல்லாம் வெயிலில் வெந்தாலும் அந்த ஒரு தலையாட்டலுக்காக அம்மியில் மசாலை வெண்ணெயாக அரைத்தாள்.

அய்யாக்கண்ணு உண்மையைச் சொல்ல முயலாமல் இல்லை. டீக்கடையில் ஒருமுறை வாய்விட்டே சொன்னார்.

"அட, அது பீரு இல்லப்பா. வெறும் தேத்தண்ணி."

பக்கத்திலிருந்த ஒருத்தர் அவர் கையை அழுத்தி, "புரியுதுண்ணே. மதுவிலக்குப் போலீசு காதுல விழுந்துரக் கூடாதுல்ல" என்றார். எல்லாரும் கண்ணடித்தார்கள். அப்புறம் அந்த ஊர் ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக அவரை முந்திரிக்காட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு போய், "சும்மா சொல்லுங்கண்ணே, பீரு எப்படி இருக்கும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் தெரிந்ததைச் சொன்னார். "லேசாத் துவர்க்கும். அடியில ஒரு கசப்பு நிக்கும். ரொம்ப நேரம் வச்சா நல்லாயிருக்காது." கேட்டவர்கள் எச்சிலை விழுங்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள்.

இதற்கிடையில் அவர் முகம் ஊரைத் தாண்டிப் பிரசித்தமாகிவிட்டது. ஒரு காதுகுத்தில் இவர் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பார்த்தவர்களெல்லாம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்கள். விருந்து வைத்தவருக்கு நல்ல பெயர். விஷயம் பரவியது. ஆலங்குடி வட்டாரத்தில் எந்த விசேஷமானாலும், வாசலுக்கு நேர் எதிரே விழுகிற முதல் இலை அய்யாக்கண்ணுவுக்கு என்று ஆயிற்று. அவர் வந்து உட்காராமல் பந்தி தொடங்காது. வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால், அந்த வீட்டுச் சமையல் அவருக்கு இளப்பமாகப் போயிற்று என்று அர்த்தம். போதும் என்றும் சொல்ல முடியாது. அவர் இலையை மடித்துவிட்டால் பக்கத்து இலைகளும் மடங்கிவிடும். பினாங்கில் கப்பல் வந்தால்தான் உட்கார வேண்டும். இங்கே தை, மாசி, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் வந்துகொண்டே இருந்தது. சம்பளமும் கிடையாது.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. அப்போதுதான் திருக்கோகர்ணத்தில் எண்ணெய் ஆலை ரெங்கராஜ் வீட்டுக் கல்யாணம் வந்தது. அய்யாக்கண்ணுவின் கடலை வருஷா வருஷம் அந்த ஆலைக்குத்தான் போகும். மூக்காயியும் காத்தாயியும் பட்டெடுத்துக் கட்டிக்கொண்டு கூடவே போனார்கள்.

பந்தலில் நுழைந்ததும் ரெங்கராஜே ஓடி வந்து அய்யாக்கண்ணுவின் தோளில் கைபோட்டார்.

"வாங்க வாங்க. ஒங்களுக்காகத்தான் பந்தி காத்துக்கெடக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாம்பாரு அடிப்பிடிச்சுப் போச்சு. மாத்தி வைக்க நேரமில்ல. கொஞ்சம் தாராளமா வாங்கிச் சாப்பிடுங்க."

"நான் வேணா ரெண்டாம் பந்தியில ஒக்காந்துக்கிறேனே. வயிறு காலையிலேருந்து ஒரு மாதிரியா…"

"வயித்துக்கு என்னங்க, அப்புறம் பாத்துக்கலாம். கடலை புடுங்குனதும் நம்ம மில்லுக்குத்தானே கொண்டாருவீங்க?"

அய்யாக்கண்ணு உட்கார்ந்தார். சாம்பார் வாளி வருவதற்கு முன்னால் அதன் வாடை வந்தது. கூரை தீப்பிடித்த வீட்டைத் தண்ணீர் ஊற்றி அணைத்தால் வருமே, அந்த வாடை. பந்தியில் முணுமுணுப்புக் கிளம்பியது. அய்யாக்கண்ணு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். புருவம் ஏறியது. கண் சொக்கியது. தலை இரண்டு முறை ஆடியது. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று இலையைக் காட்டினார்.

முணுமுணுப்பு அடங்கியது. "எனக்குத்தான் சளி பிடிச்சிருக்கு போல" என்றார் ஒரு பெரிய மனிதர். "இதுதான் புதுக் கைப்பக்குவம்" என்றார் இன்னொருவர். எல்லாரும் சாப்பிட்டார்கள்.

பெண்கள் பந்தி எதிர்வரிசை. காத்தாயி ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, அடுப்புக்கரிய அரைச்சு ஊத்தியிருக்கான்? ஏண்டி, அண்ணனப் பாரேன். தேனக் குடிக்கிற மாதிரிக் குடிக்கிறாரு!"

மூக்காயி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் புருவத்தைப் பார்த்தாள். அந்தச் சாய்வைப் பார்த்தாள். இரண்டு முறை ஆடிய தலையைப் பார்த்தாள். இம்மி பிசகாமல் அதே முகம். அம்மியில் கை கடுக்க அரைத்ததற்கெல்லாம், விடிகாலையில் எழுந்து மீன்காரனை மறித்து வாங்கியதற்கெல்லாம், தனக்கென்று தினமும் கிடைத்ததாக அவள் நினைத்துக்கொண்டிருந்த முகம். கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்துவிட்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் திருக்கோகர்ணம் தாண்டியதும் கேட்டாள்.

"சாம்பாரு நல்லாயிருந்துச்சா?"

"கல்யாண வீட்டுச் சாப்பாட்டக் குறை சொல்லக் கூடாது புள்ள."

"குறை சொல்லச் சொல்லலையே. நல்லாயிருந்துச்சான்னுதான் கேட்டேன்."

அய்யாக்கண்ணு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

மறுநாள் உப்பே போடாத கத்திரிக்காய்க் குழம்பு. புருவம் ஏறியது. அதற்கு மறுநாள் உப்பை அள்ளிக் கொட்டிய குழம்பு. தலை இரண்டு முறை ஆடியது. அடுத்த நாள் வெறும் வெந்நீரில் மஞ்சள்பொடியைக் கலக்கி, ரசம் என்று ஊற்றினாள். அய்யாக்கண்ணு கண்ணை மூடி உறிஞ்சினார்.

மூக்காயி கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள்.

"பொங்கி வைக்கிறது என் வேலை, வைக்கிறேன். நீங்களே போட்டுத் தின்னுக்கங்க. இனி ஒங்க மூஞ்சிக்கு முன்னாடி வந்து நான் நிக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். சோறு இருக்கும், குழம்பு இருக்கும், தூணோரம் ஆள் இருக்காது. தனியாக உட்கார்ந்து ஒரு வாய் வைப்பார். புருவம் பழக்கதோஷத்தில் ஏறி, பார்க்க யாரும் இல்லாமல் இறங்கும். ஊரெல்லாம் முதல் இலை போட்டுக் காத்திருந்தது. தன் வீட்டில் எதிரே நிற்க ஒரு ஆள் இல்லை. அவர் உடம்பு இன்னும் ஒரு சுற்று இளைத்தது.

ஒருநாள் அவள் முற்றத்தில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அய்யாக்கண்ணு வந்து எதிரே உட்கார்ந்து, தானும் ஒரு கை அள்ளி உடைக்க ஆரம்பித்தார். உடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சந்தில் சாப்பிட்டதையும், முன்மேஜையையும், மூன்று நாள் மீனையும், பாட்டிலுக்குள் இருந்ததையும், வெள்ளைக்காரன் சிரித்ததையும். மூக்காயி உடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எட்டு வருசமும் தேத்தண்ணியா?"

"ஆமா."

"அந்த மீனு?"

"மொத ரெண்டு கப்பலுக்குத் தின்னதோட சரி."

அவள் பருப்பையும் தொலியையும் பிரித்துவைத்தாள். "அடப் பாவி மனுசா, அந்த மீன நெனைச்சு நான் வெளிய காட்டிக்காம எத்தனை நாளு கூழக் குடிக்காமக் கோவிச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்று சொல்லும்போது குரலில் இரக்கம் இருந்தது. அய்யாக்கண்ணுவுக்கு ஆறுதலாயிற்று. அது நீடிக்கவில்லை. "அப்ப எனக்கும் அந்த ஊசிப்போன மீனுக்குக் காட்டுன மூஞ்சிதானா?"

அய்யாக்கண்ணு தொலியை அள்ளிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினார்.

அன்றிலிருந்து முகத்தை மாற்றிக்கொள்ள முயன்றார். கிணற்றடியில் குனிந்து தண்ணீரில் பார்த்துச் சுளித்துப் பழகினார். தண்ணீர் இறைக்க வந்த காத்தாயி, அண்ணனுக்குப் பல்வலி என்று ஊருக்குச் சொன்னாள். நன்றாகப் பழகிக்கொண்டு ஒருநாள் மூக்காயியை வற்புறுத்தித் தூணோரம் நிற்க வைத்து, புளிக்குழம்பை வாயில் வைத்துப் பயங்கரமாகச் சுளித்தார்.

"நல்லாயில்ல!" என்றார் வெற்றியோடு.

மூக்காயி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "தெருக்கூத்துல ராட்சசன் வேசம் கட்டுன மாதிரி இருக்கு. இதுவும் அந்தச் சீனன் சொல்லிக் குடுத்ததா?"

"இல்ல புள்ள. இது நானாப் பழகுனது."

"அதான் தெரியுதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பழைய முகத்திலிருந்து தப்பிக்கப் போய் இரண்டாவது முகம் ஒன்று வந்து சேர்ந்துவிட்டது. உண்மையான முகம் எங்கேயோ பினாங்குச் சந்திலேயே நின்றுவிட்டது போல அவருக்குத் தோன்றியது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விறகு நனைந்து, அடுப்பு எரிவதை விடப் புகைவது அதிகமாக இருந்த ஒரு மத்தியானம். மூக்காயி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தாள். அய்யாக்கண்ணு தானே சோற்றைப் போட்டுக்கொண்டு, புகைக்குப் பயந்து சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். எதிரே சுவர்தான். சுவரில் ஒரு ஆணி. ஆணிக்கு எந்த முகத்தைக் காட்டுவது? ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய் வைத்தார்.

"புளி தூக்கலா இருக்கே" என்று ஒரு குரல் கேட்டது. தன்னுடைய குரல்தான் என்று அவருக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஊதாங்குழல் நின்றுவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

அய்யாக்கண்ணு பதறித் திரும்பப் போனார்.

"திரும்பாதீங்க! அப்படியே இருங்க. என்ன சொன்னீங்க?"

"புளி… லேசாத் தூக்கல்."

"இன்னும்?"

"முள்ளங்கி வேகலை."

"ம்."

"மல்லி வறுக்கறப்ப எங்கிட்டோ பாத்துக்கிட்டு நின்னுட்ட போல. லேசாக் காந்தல் அடிக்குது."

"காத்தாயி கூப்புட்டா, போயிட்டேன். இன்னும்?"

"அம்புட்டுதான். ஆனா மொச்சை நல்லாயிருக்கு. மொச்சை ரொம்ப நல்லாயிருக்கு புள்ள." அய்யாக்கண்ணு மெல்லுவதை நிறுத்தினார். "மொச்சைக்கு இம்புட்டு ருசி உண்டுங்கறதே மறந்துபோச்சு."

முதுகுக்குப் பின்னால் மூக்காயி சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆறு வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை. அவர் பாராட்டியபோதெல்லாம் அவள் பெருமைப்பட்டாளே ஒழியச் சிரித்ததில்லை.

அது முதல் அந்த வீட்டில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவள் பின்னால் நின்று கேட்டுக்கொள்கிறாள். குற்றப்பத்திரிகை ரொம்ப நீண்டுபோகிற நாளில், "போதும், வாய மூடித் தின்னுங்க" என்பதும் உண்டு. வெளியே நிலைமை மாறவில்லை. வாசலுக்கு எதிர் இலை இன்னும் அவருடையதுதான். சென்ற மாதம் கூட ஆலங்குடியில் ஒரு வளைகாப்பில் களியாகிப்போன புளியோதரையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். மண்டபங்களில் சுவரைப் பார்த்து இலை போடும் வழக்கம் நம்மிடம் இல்லையே.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி நிற்கிறது. சுவர்ப் பந்தி சுமுகமாக நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் மூக்காயி சொன்னாள்:

"ஒங்க மூஞ்சிய நம்பி ஆறு வருசம் தூணோரம் நின்னேன். ஒரே ஒரு வேளை நீங்க ஆக்கிப் போடுங்க. நான் ஒக்காந்து திங்கிறேன். நீங்க நின்னு என் மூஞ்சியப் பாருங்க."

"அதுக்கென்ன? ஞாயித்துக்கிழம ஆக்கிப்புடுவோம்" என்றார் அய்யாக்கண்ணு, சுவரைப் பார்த்தபடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீன்காரன் வரவில்லை. அடுத்த ஞாயிறு புதுக்கோட்டையில் சோலி. அதற்கடுத்த ஞாயிறு மீனும் வந்தது, சோலியும் இல்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மீனை அலசி, மஞ்சள் தடவி, புளியைக் கரைத்து, சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார். குழம்பு ஒரு கொதி வந்தது. அப்போது மூக்காயி தட்டை எடுத்துவந்து எதிரே போட்டுக்கொண்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து, அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையின் முன்னால் அய்யாக்கண்ணுவுக்குக் கை ஓடவில்லை. கரண்டியை அவளிடமே நீட்டிவிட்டு, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். மாடு கட்டுத்தறியில் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது.

குழம்பை மூக்காயி இறக்கினாள். அவள் இறக்கியதால் அது கணக்கில் சேராது என்பது அவள் கட்சி. விசாரிக்கப் போனபோது வதந்தி உண்மையா என்று கேட்டதற்கு அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொல்லையில் குனிந்து களையைப் பிடுங்கிக்கொண்டே இதை மட்டும் சொன்னாள்:

"அதெல்லாம் கெடக்குங்க. எனக்கு ஒரு வேளைச் சோறு தரணும் அவுரு. இன்னும் தரல."